ஹரால்ட் அண்ட் மாட் (1971) ப்ளூரே: தட்டு வந்துட்டு, ஓடத்தான் மாட்டேங்கு

#1 குறுக்குத்துறை

ஆறு மாசமா காத்துக்கிடந்த தட்டு வந்துட்டு மக்கா. சித்தப்பா மகன் நியூஜெர்சியில இருக்கான். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவன் பெட்டியில ரெண்டு சட்டைக்கு நடுவுல சுத்திக் கொண்டாந்தான். ஹால் ஆஷ்பி எடுத்த ‘ஹரால்ட் அண்ட் மாட்’, பழைய நல்ல படமாப் பாத்துத் தட்டுல போடுற க்ரைட்டீரியன் கம்பெனி 2012ல போட்ட ப்ளூரே, அதான் டிவிடிக்கு அடுத்து வந்த தெளிவான தட்டு.

நேத்து ராத்திரி பிள்ளையத் தூங்கவச்சிட்டு, லைட்ட அணைச்சிட்டு, பயபக்தியா பிளேயர்ல போட்டேன். திரையில ஒத்த வரி வந்துச்சு. இந்தத் தட்டு இந்தப் பகுதிக்கு ஆகாதாம். திரும்ப எடுத்துத் தொடச்சிப் போட்டேன். அதே வரி. அப்புறமாத்தான் உறையத் திருப்பிப் பாக்கேன், பின்னால ‘ஏ’ன்னு குட்டியா ஒரு முத்திரை. முன்னயே பாத்துத் தொலைச்சிருக்கலாம்.

படம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹரால்டுக்கு இருவது வயசு இருக்கும். பெரிய பங்களா, ஏகப்பட்ட சொத்து, அம்மா மட்டும்தான். செத்த மாதிரி நடிச்சு அம்மாவ வெருட்டப் பாக்கிறது அவனுக்குப் பொழுதுபோக்கு. அம்மா வெருளுறதா இல்ல. “எட்டு மணிக்கு சாப்பாடு”ன்னு சொல்லிட்டு அவ சோலியப் பாக்கப் போயிருதா. அவனுக்கு இன்னொரு பழக்கம், முன்னப்பின்னத் தெரியாத ஆளு செத்த வீட்டுத் துட்டிக்குப் போறது. அங்கனதான் மாட்ங்கிற கெழவியப் பாக்கான். அவளும் யாரும் சொல்லிவிடாம துட்டிக்கு வந்தவதான். எம்பது வயசு ஆக இன்னும் ஒரு வாரம் பாக்கி. ரெண்டு பேருக்கும் காதல் வந்துருது. சிரிப்புப் படம்தான், ஆனா எந்த இடத்துல சிரிக்கணும்னு ஆஷ்பி சொல்லித் தரமாட்டான்.

எல்லா ஊருத் தட்டும் ஓடுற பிளேயர் யார்கிட்டயாவது இருக்கா? திருநெல்வேலிக்குள்ளன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருதேன்.

#2 பைபாஸ்_பையன்

அண்ணே இந்தக் காலத்துல போய் தட்டா? நெட்டுல தேடுனா கிடைக்கும்லா.

#3 குறுக்குத்துறை

தேடிப் பாத்தாச்சு தம்பி. ஒரு மாசம் இருக்கும், மறுமாசம் காணாமப் போயிரும். வாடகை வீடு மாதிரி. எனக்கு இந்தப் படம் சொந்தமா வேணும். ஏன்னு அப்புறம் சொல்லுதேன்.

#4 டெக்கு அண்ணாச்சி

1986ல இருந்து 2009 வரைக்கும் டவுன்ல கேசட் கடை வச்சிருந்தவன் சொல்லுதேன், கேளும்.

டிவிடி வந்தப்ப உலகத்த ஆறு கூறு போட்டான். அமெரிக்கா 1, நாம 5. அமெரிக்காவுல ஒரு படம் தட்டுல வாரப்ப மத்த நாட்டுல அது தியேட்டருக்கே வந்திருக்காது. அங்க வாங்கி இங்க போட்டுட்டா தியேட்டர்க்காரன் வயித்துல ஈரத்துணிதான். அதுக்குத்தான் பூட்டு. ப்ளூரே வந்ததும் மூணு கூறாச் சுருக்கிட்டான். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி. நம்மள சீனா, ரஷ்யாவோட சேத்து சி-யில தள்ளிட்டான்.

1971 படத்துக்கு 2012ல என்னத்துக்குப் பூட்டுன்னு கேப்பீரு. இப்ப அது உரிமை விவகாரம். படம் பாரமவுண்ட்ங்கிற ஹாலிவுட் கம்பெனியோட படம். க்ரைட்டீரியன் அதை வட அமெரிக்காவுல விக்க மட்டும் வாங்கியிருக்கான். ஒரு வயல ஒருத்தனுக்குப் பாட்டத்துக்கு விட்டா பக்கத்து வயல்ல அவன் அறுக்க முடியுமா? அந்தக் கணக்குதான்.

டிவிடி பிளேயர்னா ரிமோட்டுல நாலு நம்பர அமுக்கினா பூட்டு திறந்துரும், நானே நூறு பிளேயருக்கு அமுக்கிக் குடுத்திருக்கேன். ப்ளூரே பிளேயர் லேசுல மசியாது. கம்ப்யூட்டர்ல ப்ளூரே டிரைவ் வச்சிருக்கிற ஆளப் பிடியும்.

#5 மேலப்பாளையம்_மாப்ள

சாவை வச்சு ஒரு காமெடிப் படம், அதைத் திருநெல்வேலிக்காரன் தேடிப் பாக்கான். சரியாத்தாம்வே இருக்கு. காலையில எந்திரிச்சதுல இருந்து “சவத்த விடு”, “என்ன எழவுலே இது”, “எந்தச் சவம் கதவைத் தட்டுது”ன்னு பேசுற ஊரு நம்ம ஊரு. வெளியூர் மருமவன் ஒருத்தர் எங்க தெருவுக்கு வந்த புதுசுல, நிதம் யாரோ செத்துப் போறாங்கன்னு நினைச்சிட்டாராம்.

#6 பைபாஸ்_பையன்

😂 எங்க ஆச்சி டிவி ரிமோட்டையே சவம்னுதான் கூப்பிடும்.

#7 பெருமாள்புரம்_பிசி

குறுக்குத்துறை அண்ணே, என்கிட்ட ப்ளூரே டிரைவ் இருக்கு. டிரைவ் எந்தத் தட்டையும் படிச்சிரும். ஏ-வா சி-யான்னு பாக்கிறது மென்பொருள்தான், அதுல மாத்திக்கலாம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாங்க. வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா, டீ மட்டும்தான் கிடைக்கும்.

#8 துபாய்_தச்சநல்லூர்

ஒரு விஷயம். 2021ல படத்துக்கு அம்பது வருஷம் ஆச்சுன்னு பாரமவுண்டே புதுசா ஒரு ப்ளூரே போட்டிருக்கான். பிலிமை 4கே-யில, அதாவது ப்ளூரேய விட நுணுக்கமா, ஸ்கேன் பண்ணினது, தட்டு சாதா ப்ளூரேதான். அதுல ரெண்டு சினிமாக்காரங்க, லாரி கராஷெவ்ஸ்கியும் கேமரன் க்ரோவும், படம் ஓடையில கூடவே அதைப் பத்திப் பேசிட்டு வருவாங்க. க்ரைட்டீரியன்ல பேசுறது ஆஷ்பி வாழ்க்கை வரலாறு எழுதின நிக் டாசனும் படத்தோட தயாரிப்பாளர் சார்லஸ் மல்வெஹிலும். எடுத்த கதை தெரியணும்னா க்ரைட்டீரியன், ரசிகன் கூட உக்காந்து பாக்கணும்னா பாரமவுண்ட். என்கிட்ட ரெண்டும் இருக்கு. பொண்டாட்டிக்குத் தெரியாது.

#9 குறுக்குத்துறை

பாத்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை ஆறு மணிக்குப் பெருமாள்புரத்துல போய் உக்காந்தவன், ராத்திரி பத்துக்குத்தான் வண்டிய எடுத்தேன். படம் 91 நிமிஷம்தான். மிச்ச நேரம் ஒரே ஒரு இடத்தத் திரும்பத் திரும்ப ஓட்டிட்டு இருந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, பெருசா வரும், பொறுத்துக்கோங்க.

மொத மொத இந்தப் படத்த நான் பாத்தது காலேஜ் படிக்கையில. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில வாங்கின விசிடி. எவனோ வீடியோ டேப்புல இருந்து இறக்கி, அதைத் திரும்பத் தட்டுல ஏத்தினது. ரெண்டு தட்டு, ரெண்டாவது கடைசி அஞ்சு நிமிஷத்துல சிக்கிக்கிடும். முடிவு என்னன்னே தெரியாம ரெண்டு வருஷம் இருந்தேன். மழையில ஆத்துக்கு அந்தப்பக்கம் நிக்கிற ஆளப் பாக்கிற மாதிரிதான் மூஞ்சி தெரியும்.

அதுல ஒரு காட்சி. சாயங்காலம், தண்ணிக்கரை, பறவைங்க பறக்குது. மாட் கெழவியும் ஹரால்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க. அவன் அவ கையப் பிடிக்கான். முன்னங்கையில என்னமோ பச்சையாத் தெரியும். ஒரு நொடிதான், காட்சி மாறிரும். யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாங்க.

அன்னைக்கு நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எங்க ஆச்சி கையில பச்சை குத்தியிருக்கும். முழங்கைக்குக் கீழ கோலப் புள்ளி மாதிரி வரிசையா, நடுவுல ஒரு தேள். சின்ன வயசுல குறத்தி வந்து குத்திவிட்டதுன்னு சொல்லும். குளிச்சிட்டு வந்து திண்ணையில உக்காந்தா அந்தத் தேள நான் விரல வச்சுத் தடவிட்டே இருப்பேன். தோல் சுருங்கச் சுருங்க தேளுக்கும் கால் சுருங்கிட்டு. மாட் கையில இருந்ததையும் அதே மாதிரி நினைச்சிட்டேன். பரவால்லியே, வெள்ளக்காரக் கெழவியும் பச்சை குத்தியிருக்காளேன்னு. ஒரு பிரியம் வந்துட்டு.

ஞாயித்துக்கெழமை பாத்தப்ப அது எண்ணு. நீளமா ஒரு எண்ணு. ஹிட்லர் காலத்துல ஜெர்மனிக்காரன் கொலை முகாம்ல யூதங்களுக்குக் குத்தின எண்ணு.

பெருமாள்புரம் தம்பி பட்டுன்னு நிறுத்திட்டான். ரெண்டு பேரும் பேசல. இவ்வளவு நேரமா இந்தக் கெழவி கார் திருடுறா, தெருவோரத்து மரத்தப் பிடுங்கிட்டுப் போய் காட்டுல நடுறா, போலீஸ்காரனுக்குத் தண்ணி காட்டுறா, நாமளும் கோட்டிக்காரின்னு சிரிச்சிட்டு இருக்கோம். கோட்டி இல்லவே. அதையெல்லாம் தாண்டி வந்தவ. அவளுக்கு யாரு சட்டம் சொல்ல முடியும்? அம்புட்டையும் ஆஷ்பி ஒரு நொடியில வச்சிட்டு நகந்துட்டான். வசனம் கிடையாது, அழுகாச்சி கிடையாது, பின்னால ஒரு வயலின் கிடையாது.

அந்த ஒரு நொடி என் விசிடியில இல்ல. இருந்தும் இல்ல. அதுக்குத்தான் தம்பி தட்டு வேணும்னு சொன்னேன்.

#10 பெருமாள்புரம்_பிசி

உண்மைதான். விசிடின்னா 352க்கு 288 புள்ளி, ப்ளூரே 1920க்கு 1080. ஒரு விசிடிப் புள்ளி இருக்கிற இடத்துல இருவது புள்ளி. எண்ணு பச்சைக் கறையாத் தெரிஞ்சதுல ஆச்சரியம் இல்ல.

இன்னொரு இடமும் சொல்லணும். பூச்செடிக் காட்சி. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்குன்னு ஹரால்ட் சொல்லுவான், இல்ல, ஒவ்வொண்ணும் வேறன்னு அவ காட்டுவா. ஆளுங்களும் அப்படித்தான், ஆனா எல்லாரையும் ஒண்ணு போல நடத்த விட்டுட்டு நிக்கிறாங்கம்பா. உடனே காட்சி மாறுது. ரெண்டு பேரும் சின்னதா உக்காந்திருக்காங்க, சுத்தி ராணுவக் கல்லறை. வெள்ளக் கல்லு வரிசை வரிசையா. கேமரா பின்னால போகப் போக கல்லு கூடிட்டே போவுது. 1971, வியட்நாம் போர் நடந்துட்டு இருந்த நேரம். டிவிடியில அந்தக் கல்லெல்லாம் சுண்ணாம்புக் கோடு. இதுல ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம்.

#11 மேலப்பாளையம்_மாப்ள

சரி சரி, அழுதது போதும், காமெடிக்கு வாங்க. பொண்ணு பாக்கிற கதையைச் சொல்லலியே.

#12 குறுக்குத்துறை

அது நம்ம வீட்டுக் கதைதானே. மகனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சாச் சரியாப் போயிரும்னு அம்மா முடிவு பண்ணி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில பதியுதா. கேள்வித்தாள் வருது. ஒவ்வொரு கேள்வியையும் அம்மாவே வாசிச்சு, அம்மாவே பதிலும் சொல்லி, அம்மாவே எழுதிக்கிடுதா. மகன் பக்கத்துலதான் இருக்கான். அவன ஒரு வார்த்தை கேக்கல. பாதிக்கு மேல அவ விருப்பத்தையே அவன் பேருல எழுதிட்டுப் போறா.

எனக்கு மேட்ரிமோனியில பதிஞ்சப்ப எங்க அம்மாவும் அக்காவும் உக்காந்து ‘பொழுதுபோக்கு: கோயிலுக்குப் போவது’ன்னு போட்டாங்க. கோயிலுக்கு நான் போனது ஆனித் தேருக்கு மட்டும்தான், அதுவும் கூட்டம் பாக்க.

மூணு பொண்ணு வரும். ஒவ்வொருத்தி முன்னாலயும் ஹரால்ட் ஒரு சாவு நாடகம் போடுவான். ரெண்டு பேரு அலறிட்டு ஓடிருவாளுவ. மூணாவது பொண்ணு நடிகை. அவ பயப்படவே இல்ல, நடிப்ப மெச்சிட்டு, கத்திய வாங்கி ஜூலியட் வசனத்தப் பேசி அவளும் செத்து விழுந்துருவா. அந்த நேரம் ஹரால்டோட மூஞ்சியப் பாக்கணுமே. வாழ்க்கையில மொத தடவ இவனோட நாடகத்த இன்னொருத்தி களவாண்டுட்டா!

#13 மேலப்பாளையம்_மாப்ள

அந்தத் துட்டி வீட்டுக் கார் திருட்டு? பாதிரியார் காரையே ஓட்டிட்டுப் போவா. அடுத்த தடவ ஹரால்டப் பாத்து, வாரியா கொண்டுபோய் விடுதேன்னு கேப்பா, அது அவனோட சொந்த வண்டி. துட்டி வீட்டுல சொல்லிட்டு வரக்கூடாதுன்னு நம்ம ஊர்ல ஒரு சாஸ்திரம் உண்டுல்லா, அதை அவ சரியாக் கடைப்பிடிக்கா.

#14 செவிலி_தென்காசி

எல்லாரும் ரசிச்சிட்டு இருக்கீங்க. என் மனசுல பட்டதையும் சொல்லிருதேன், தப்பா எடுக்காதீங்க.

ஒரு ஆஸ்பத்திரியில அவசர சிகிச்சைப் பிரிவுல பதினோரு வருஷமா இருக்கேன். இந்த இழையப் பாத்துட்டு நேத்துத்தான் படத்தப் பாத்தேன். மொதக் காட்சி வந்ததும் பக்கத்துல எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆட்டோவுல தூக்கிட்டு வாரப் பிள்ளைங்க முகம்தான் வந்துச்சு. அம்மா ஏசினா, மார்க்கு வரல, அந்தப் பையன் பேசல... காரணம் கேட்டா இம்புட்டுதான் இருக்கும். மறுநாள் முழிச்சதும் அதுங்க மொதல்ல கேக்கிறது, “அம்மா எங்க?”

அதனாலயே இந்தப் படத்துல ஒரே ஒரு இடம் என்னைப் பிடிச்சு நிறுத்திட்டு. தான் ஏன் இப்படி ஆனேன்னு ஹரால்ட் மாட்கிட்ட சொல்லுத இடம். பள்ளிக்கூடத்துல ரசாயனச் சோதனை பண்ணப் போய் வெடிச்சிருது. இவன் தப்பிச்சு வீட்டுக்கு வந்து ஒளிஞ்சு நிக்கான். போலீஸ் வந்து அம்மாகிட்ட உங்க மகன் செத்துட்டான்னு சொல்லுது. அம்மா அப்படியே மயங்கிச் சாயுதா. அவன் அதைப் பாத்துட்டு நிக்கான். சொல்லும்போதே அழுதுருவான். தனக்காக அம்மா சாஞ்சதை அவன் பாத்தது அந்த ஒரு தடவதான். அதுக்கு அப்புறம் அவன் போட்ட நாடகம் அத்தனையும் அதைத் திரும்பப் பாக்கத்தான். இதை எழுதினவர் பிள்ளைங்க மனசு தெரிஞ்சவர்.

ஆனா முடிவு எனக்கு ஒப்பல. எம்பது பிறந்தநாளு அன்னைக்கு அவளாவே போறதுன்னு முடிவு எடுத்தா. நல்லா ஓடியாடிட்டு இருக்கிற மனுஷி. அதை ஒரு அழகு மாதிரிக் காட்டிட்டாங்களேன்னுதான் எனக்குக் கோவம்.

#15 மட்டுறுத்துநர்

முடிவு வெளியாகிவிட்டதால் தலைப்பில் குறிப்பு சேர்த்துவிட்டேன். பேசுங்கள், ஆனால் பார்த்துப் பேசுங்கள். படிக்கிற யாருக்காவது மனசு பாரமாக இருந்தால் 104-க்கு அடித்துப் பேசலாம், காசு கிடையாது.

#16 டெக்கு அண்ணாச்சி

தாயி, நீங்க சொன்னதுல பாதிய ஒத்துக்கிடுதேன்.

நம்ம பக்கம் எம்பது தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கப் போனா அதுக்குப் பேரு கல்யாணச் சாவு. கொட்டுமேளம் உண்டு, ஆட்டம் உண்டு, அழுகையே இருக்காது. எங்க தாத்தா போனப்ப பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த ஒறமுறை தூங்காம இருக்க நானே டெக்கு கொண்டுபோய் விடிய விடிய மூணு படம் ஓட்டினேன். கடைசிப் படம் முழுக்க காமெடி. எங்க பெரியத்தைக்காரி சிரிச்சு சிரிச்சு, “எங்கய்யா இருந்திருந்தா எம்புட்டு ரசிச்சிருப்பாரு”ன்னு சொல்லிட்டு அதுக்கு அப்புறம்தான் அழுதா.

இந்தப் படத்துல எம்பதாம் பிறந்தநாளுக்கு ஹரால்ட் வீடு முழுக்க ஜோடிச்சு வச்சிருப்பான்லா, பூவும் விளக்குமா. நம்ம சதாபிஷேகம்தான் ஞாபகம் வந்துச்சு. ஆயிரம் பிறை கண்டவளுக்கு ஒரு பையன் தனியா ஒருத்தனா நின்னு நடத்துற சதாபிஷேகம்.

#17 செவிலி_தென்காசி

அண்ணாச்சி, நீங்க சொல்லுத கல்யாணச் சாவு தானா வரணும். இவ தேதி குறிச்சிட்டாள்லா. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

#18 டெக்கு அண்ணாச்சி

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல தாயி.

#19 குறுக்குத்துறை

அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். அவ போறத படம் அழகாக் காட்டுதுன்னு நானும் முன்ன நினைச்சேன். இந்தத் தடவ பாக்கையில அப்படித் தெரியல. ஆம்புலன்ஸ்ல ஹரால்ட் கதறுறதும், ஆஸ்பத்திரி வராண்டாவுல விடியுற வரைக்கும் ஒத்தையில உக்காந்திருக்கிறதும் எதுக்கு? அம்பது தடவ சாவ வச்சு விளையாடினவனுக்கு நிசச் சாவுன்னா என்னன்னு ஆஷ்பி காட்டுறான். அங்க ஒரு இடத்துலயும் காமெடி கிடையாது. இவ்வளவு நாளும் அம்மா உக்காந்திருக்க வேண்டிய பெஞ்சுல இவன் உக்காந்திருக்கான்.

நீங்க கோவப்படுறதும் நியாயம்தான். 1971ல வந்தப்பவே பெரிய விமர்சகங்க கிழிச்சித் தொங்கவிட்டாங்க. ரோஜர் ஈபர்ட் நாலுக்கு ஒண்ணரை நட்சத்திரம்தான் குடுத்தார். தியேட்டர்ல படம் படுத்துட்டு.

#20 துபாய்_தச்சநல்லூர்

படுத்தது எந்திரிச்ச கதையும் சொல்லணும்லா. மினியாபொலிஸ் பக்கத்துல ஒரு தியேட்டர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. அந்த ஏரியாக்காரங்க வேற படம் பாக்க வழியில்லாம, படத்த மாத்துன்னு தட்டி பிடிச்சிட்டு தியேட்டர் வாசல்ல நின்னிருக்காங்க. காலேஜ் பசங்கதான் ஓட்டிவிட்டது. 1997ல அமெரிக்க அரசாங்கத்தோட தேசியத் திரைப்படப் பதிவேட்டுல ஏறிட்டு.

எழுதின காலின் ஹிக்கின்ஸ் அப்ப ஒரு தயாரிப்பாளர் வீட்டுல நீச்சல் குளம் கழுவுற வேலை பாத்துட்டு இருந்தாராம். காலேஜ் படிப்புக்கு எழுதின கதை இது. தயாரிப்பாளரோட பொண்டாட்டி வாசிச்சுப் பாத்துட்டுத்தான் மேல போச்சு. ஆஷ்பியும் ஹிக்கின்ஸும் 1988ல, ஒரே வருஷத்துல போய்ச் சேந்துட்டாங்க. க்ரைட்டீரியன் தட்டுல ரெண்டு பேரும் எழுபதுகள்ல பேசின பேச்ச போட்டோவோட ஓட்டியிருக்கான். இருக்கிறதுல நல்ல சரக்கு அதுதான், விட்டுறாதீங்க.

#21 பைபாஸ்_பையன்

பாட்டு யாருண்ணே? ட்ரெய்லர்ல கேட்டேன், நல்லாருக்கு. ஆல்பம் தேடினா சரியாவே மாட்டல.

#22 டெக்கு அண்ணாச்சி

கேட் ஸ்டீவன்ஸ். பொறவு யூசுஃப்னு பேர மாத்திக்கிட்டவர். படத்துக்குன்னே ரெண்டு பாட்டு புதுசா எழுதினாரு, மிச்சமெல்லாம் அவரோட பழைய ஆல்பத்துல உள்ளது. படம் வந்தப்ப தனியா ஆல்பமே போடல. 1972ல ஜப்பான்ல மட்டும் ஒரு எல்பி இசைத்தட்டு. அந்தப் புது ரெண்டு பாட்டும் 1984ல ஒரு தொகுப்புலதான் வெளிய வந்துச்சு. அதுவரைக்கும் படம் பாத்தவன் பாட்டுக்காகத் திரும்பப் படத்துக்குத்தான் போகணும். எம்புட்டுப் பேரு அதுக்காகவே டேப்பு வாங்கியிருப்பானோ.

இன்னொரு தொழில் விஷயம். சினிமா நொடிக்கு 24 படம். நம்ம ஊரு டிவி ‘பால்’னு (PAL) ஒரு முறை, நொடிக்கு 25. பால் டேப்புலயும் டிவிடியிலயும் படத்தக் கொஞ்சம் விரட்டி ஓட்டுவான். 91 நிமிஷப் படம் 87 நிமிஷத்துல முடிஞ்சிரும். குரல் லேசா மேல ஏறிரும். பேச்சுல தெரியாது, பாட்டுல தெரியும். கடையில ஒரு வாத்தியார் வருவாரு, மிருதங்கக்காரரு. கேட்ட ஒடனேயே, “அண்ணாச்சி, சுருதி ஏறியிருக்கே”ன்னுருவாரு. ப்ளூரே 24லயே ஓடும். கேட் ஸ்டீவன்ஸ் குரல நீங்க இப்பத்தான் சரியாக் கேட்டிருக்கீரு.

#23 பெருமாள்புரம்_பிசி

ஆமா அண்ணாச்சி. தட்டுல சத்தம் எல்லாம் ஒண்ணா வார பழைய மோனோவும் இருக்கு, ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வார மெருகேத்தின ஸ்டீரியோவும் இருக்கு. பாட்டுக்கு ஸ்டீரியோ சொகம். ஆனா படம் முழுக்க மோனோவுல பாத்தாத்தான் ஒட்டுது. ஸ்டீரியோவுல பாட்டு தனியா எந்திரிச்சு நிக்குது.

#24 மேலப்பாளையம்_மாப்ள

தமிழ்ல சப்டைட்டில் இருக்கா?

#25 குறுக்குத்துறை

இங்கிலீஷ்ல மட்டும்தான். எங்க அம்மாவுக்குக் காட்டலாம்னா அதுதான் இடிக்குது. பக்கத்துல உக்காந்து நாமளே சொல்லிக்கிட்டே வரணும்.

#26 டெக்கு அண்ணாச்சி

உங்க மதினிக்கு எழுபத்திரெண்டு ஆகுது. இந்த இழைய வாசிச்சுக் காட்டினேன். “எம்பது வயசுக்காரிக்கு இருவது வயசுப் பையனா? விவரமான சிறுக்கிதான்”ன்னு ஒரே சிரிப்பு. பாத்தே ஆகணும்ங்கா. கடை வச்சிருந்த இருவத்து மூணு வருஷத்துல ஒரு இங்கிலீஷ் படம் கேட்டதில்ல இவ. குறுக்குத்துறை, அடுத்த வாரம் தட்டக் குடுப்பீரா? பெருமாள்புரம் தம்பி வீட்டுலயே போட்டுருவோம், நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிடுதேன். அந்தக் கடைசிய மட்டும் எப்படிச் சொல்லன்னு தெரியல.

#27 செவிலி_தென்காசி

அண்ணாச்சி, கடைசிய மாத்திச் சொல்லாதீங்க. உள்ளது உள்ளபடியே சொல்லுங்க. மதினி என்ன சொல்லுதாங்கன்னு எனக்குத் தெரியணும்.

#28 பெருமாள்புரம்_பிசி

வாங்க அண்ணாச்சி. வீட்டுக்காரியும் அதுக்குள்ள வந்துருவா, டீயோட வடையும் உண்டு. சனிக்கிழமை அஞ்சு மணி. மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, மதினியப் பைய ஏறச் சொல்லுங்க.

#29 குறுக்குத்துறை

தட்டோட வந்துருதேன். நேத்துப் பிள்ளை எடுத்து வெரல வச்சிட்டா, சட்டைத் துணியில தொடச்சு வச்சிருக்கேன்.

#30 டெக்கு அண்ணாச்சி

சவத்தெழவு, சட்டைத் துணியிலயா தொடைச்சீரு! வட்டமாச் சுத்தித் தொடைக்கவே கூடாதுவே. நடு ஓட்டையில இருந்து ஓரத்துக்கு நேரா இழுக்கணும். மெத்துன்னு பருத்தித் துணியா வேணும். நீரு தொடாதேயும், அப்படியே கொண்டாரும். கடையில மிச்சமான துணி வீட்டுல ஒரு டப்பா கெடக்கு.